இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர்: பிரித்துப் பூட்டிய பிறகு வரும் ஐட்லிங் தகராறுகள்

கார்புரேட்டர் இரண்டையும் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ரிப்பேர் கிட்டில் வந்த புது ஜெட் (பெட்ரோல் வரும் துளைக்குழாய்), புது நீடில் (ஊசி), புது பேக்கிங் எல்லாம் போட்டுப் பூட்டியாயிற்று. சாவியைத் திருப்பினால் எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து ஐட்லிங்கில் (பெடல் மிதிக்காத ஓட்டத்தில்) விட்டால்தான் வினை. ஒன்று நிமிடத்துக்கு 2000 சுற்றில் நின்று கத்துகிறது, இல்லையென்றால் இரண்டு இருமல் இருமிவிட்டு ஆஃப் ஆகிவிடுகிறது. "அழுக்கா இருந்தப்பவே நல்லா ஓடிச்சே" என்று புலம்பிக்கொண்டு நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி நின்றவன்தான்.

பேச்சு எம்.ஜி.பி. காரைப் பற்றி. இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட இரட்டை இருக்கை வண்டி. அதன் 1798 சி.சி. எஞ்சின் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி-சீரிஸ் குடும்பம். நம் அம்பாசடரில் வெகுகாலம் ஓடிய 1489 சி.சி. எஞ்சின் இதற்கு அண்ணன் முறை. 1970களின் தொடக்கம் வரை வந்த எம்.ஜி.பி.களில் ஒன்றரை அங்குலத் தொண்டை கொண்ட எஸ்.யு. கம்பெனியின் எச்.எஸ்.4 ரகக் கார்புரேட்டர் இரண்டு இருக்கும். இங்கே சொல்லும் அளவெல்லாம் அதற்குத்தான். எஸ்.யு. இருக்கும் மற்ற வண்டிக்காரர்கள் வழியை எடுத்துக்கொள்ளலாம். அளவை அவரவர் புத்தகத்தில் பார்க்கவும்.

சோலெக்ஸ் ரகக் கார்புரேட்டரில் கை பழகியவர்கள் முதலில் ஒன்றை மறக்க வேண்டும். எஸ்.யு.வில் ஸ்லோ ஜெட் என்று தனியாக ஒன்று கிடையாது. ஐட்லிங்குக்கும் அதே ஜெட்தான், நூறு கிலோமீட்டர் வேகத்துக்கும் அதே ஜெட்தான். மேலே டோமுக்குள் ஒரு பிஸ்டன். எஞ்சின் எவ்வளவு காற்று இழுக்கிறதோ அவ்வளவு அது உயரும். பிஸ்டனோடு ஒட்டிய கூம்பு ஊசி ஜெட்டிலிருந்து மேலே வர, ஊசியைச் சுற்றி இடைவெளி கூடி, பெட்ரோலும் கூடுதலாக வரும். அவ்வளவுதான் முழு விஷயமும். இதைக் கண்டுபிடித்த ஸ்கின்னர், லண்டன் செருப்புக்கடைக் குடும்பத்துப் பிள்ளை. முதல் கார்புரேட்டரில் பிஸ்டனுக்குப் பதில் தோல் துருத்திதான் வைத்தார். வீட்டில் இருந்த சரக்கு! அதனால் "ஸ்லோ ஜெட் அடைத்திருக்கும், ஊதிப் பார்" என்ற யோசனை இங்கே செல்லாது. ஐட்லிங் கெட்டுப்போக இங்கே காரணங்கள் குறைவு. பிஸ்டன் தடையில்லாமல் ஏறி இறங்க வேண்டும், காற்றுவழியை மூடித் திறக்கும் பட்டர்ஃபிளைத் தகடு சரியாக மூட வேண்டும், பெட்ரோல் மட்டம் சரியாக இருக்க வேண்டும், வேறு எங்கிருந்தும் காற்று நுழையக் கூடாது.

இந்த நான்கும் சரியென்று தெரியும்வரை ஜெட்டுக்குக் கீழே இருக்கும், பெட்ரோல்-காற்றுக் கலவையை மாற்றும் மிக்சர் நட்டைத் தொடாதீர்கள். தப்பை மறைக்க மிக்சரைத் திருகினால் அடுத்த தப்பைக் கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

தொடங்கும் முன்

டேப்பட் இடைவெளி 0.015 அங்குலம். பாயிண்ட் இடைவெளி 0.014 முதல் 0.016. பிளக் 0.025. டைமிங் புத்தகத்தில் உள்ளபடி. இவற்றைப் பார்க்காமல் கார்புரேட்டரைக் குறை சொல்வது பாவம். இன்னொன்று: கார்புரேட்டரைப் பிரிக்கும்போதே "சும்மா இருக்கட்டும்" என்று இக்னிஷனுக்குப் புதுக் கண்டென்சரும் புது ரோட்டரும் போடுவது பலருக்கு வழக்கம். இந்தக் காலத்துக் கண்டென்சர்கள் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே செத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். தகராறு வந்தால் பழையதை மாட்டிப் பாருங்கள்.

பிறகு தொடக்க நிலை. இரண்டு டோமையும் கழற்றி, மிக்சர் நட்டை மேலேற்றி, ஜெட்டின் தலை தொண்டையின் நடுமேட்டோடு (பிஸ்டன் வந்து முட்டும் மேடு) சமமாக வரும்படி வையுங்கள். மேட்டைவிட ஒரு மயிரிழைகூட உயரக் கூடாது. அங்கிருந்து நட்டை இரண்டு முழுச் சுற்று கீழே இறக்குங்கள். ஆறுபட்டை நட்டு என்பதால் பன்னிரண்டு பட்டை. ஐட்லிங் ஸ்க்ரூ இரண்டையும் லீவரைத் தொடாத அளவுக்குத் தளர்த்தி, தொட்டதும் அங்கிருந்து ஒன்றரைச் சுற்று உள்ளே. இதில் எஞ்சின் பிடிக்கும், கரடுமுரடாகவாவது நிற்கும். நிற்கவில்லையென்றால் மிக்சர் காரணமில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி சொல்லும் சோதனை எல்லாம் எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு. தொண்டை வழியாகச் சில சமயம் நெருப்பு துப்பும். முகத்தை நேரே கொண்டுபோய் எட்டிப் பார்க்க வேண்டாம்.

ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்தியும் வேகம் இறங்கவில்லை

பிரித்துப் பூட்டிய வண்டிகளில் அதிகம் பார்ப்பது இதுதான். முதலில் காதைக் கொடுங்கள். வேகம் அதிகம், ஆனால் சத்தம் சீராக, மிக்சர் சரியாக எரிவது போல இருக்கிறதா? அப்படியானால் அந்தக் காற்று கார்புரேட்டர் வழியாகத்தான் வருகிறது. ஜெட்டைக் கடந்து வருவதால் பெட்ரோலையும் சரியாக எடுத்துக்கொண்டு வருகிறது. வேகமும் அதிகம், சத்தமும் தாறுமாறு, அவ்வப்போது தும்மல் என்றால் காற்று கார்புரேட்டருக்குப் பின்னால் ஏதோ சந்து வழியாக, பெட்ரோல் இல்லாமல் நுழைகிறது. இந்த ஒரு வித்தியாசம் தேடும் இடத்தைப் பாதியாக்கிவிடும்.

சந்தேகம் இருந்தால், இரண்டு தொண்டையையும் உள்ளங்கையால் ஒரே நேரத்தில் மூடுங்கள். எஞ்சின் உடனே திணறி நிற்க வேண்டும். அப்படியும் ஓடிக்கொண்டிருந்தால் வேறு வாசல் திறந்திருக்கிறது.

சீரான அதிவேகத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது கேபிள். பெடலை மிதிக்காத நிலையில் கேபிளில் கொஞ்சம் தொய்வு இருக்க வேண்டும். அடுத்து, சோக் உள்ளே தள்ளிய நிலையில் ஃபாஸ்ட் ஐடில் ஸ்க்ரூவின் நுனிக்கும் கேமுக்கும் நடுவே 0.015 அங்குலம் இடைவெளி தெரிய வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்தால் ஐட்லிங் ஸ்க்ரூவை வருஷக்கணக்கில் திருகினாலும் பயனில்லை.

அதற்கடுத்து, இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கும் கம்பி. என்னை இரண்டு சனிக்கிழமை அலையவிட்டது இதுதான். இணைப்புக் கம்பியின் கிளாம்ப் போல்ட்டை இறுக்கும்போது பின் கார்புரேட்டரின் பட்டர்ஃபிளை லேசாகத் திறந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு. இறுக்கியதும் அந்தத் திறப்பு அப்படியே பூட்டிக்கொண்டது. முன் ஸ்க்ரூவைத் தளர்த்தினேன், பின் ஸ்க்ரூவைத் தளர்த்தினேன், இரண்டுமே எதையும் தொடவில்லை, எஞ்சின் 1600-இல் பாடிக்கொண்டிருந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் நண்பருக்குப் போன் போட்டேன். "அண்ணே, ரெண்டையும் ஒண்ணா கட்டிப்போட்டா எவன் தப்பு பண்றான்னு எப்படித் தெரியும்? முதல்ல அவுத்து விடுங்க" என்றார். கிளாம்ப் இரண்டையும் தளர்த்தியதும் 1600-இலிருந்து பொத்தென்று விழுந்து எஞ்சின் நின்றே போயிற்று.

ஆகவே எந்தச் சோதனைக்கும் முன்னால் இணைப்புக் கம்பியின் கிளாம்ப்களைத் தளர்த்துங்கள். சோக் கம்பிக்கும் அப்படியே. ஒவ்வொரு கார்புரேட்டரும் தனியாளாக நிற்கட்டும். திரும்ப இறுக்கும்போது இரண்டு பட்டர்ஃபிளையும் ஸ்க்ரூவில் உட்கார்ந்திருக்க வேண்டும். கம்பியின் முளைக்கும் கவட்டின் கீழ்ப் பல்லுக்கும் நடுவே 0.012 அங்குலம் ஃபீலர் கேஜ் வைத்து இறுக்குவது புத்தக முறை. அந்தச் சின்ன இடைவெளி ஐட்லிங்கில் ஒன்றை மற்றொன்று இழுக்காமல் இருப்பதற்காக.

கம்பியை விடுவித்த பிறகும் இறங்கவில்லையா? பட்டர்ஃபிளையைக் கவனியுங்கள். புது ஸ்பிண்டில் போட்டவர்கள் தகட்டை நடுவில் உட்காரவைக்காமல் ஸ்க்ரூவை இறுக்கியிருப்பார்கள். கார்புரேட்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு பக்கம் பிறை போல ஒளி தெரியும். இரண்டு சின்ன ஸ்க்ரூவையும் லேசாகத் தளர்த்தி, பட்டர்ஃபிளையை இரண்டு மூன்று தரம் சட்டென்று மூடவிட்டால் தகடு தானே இடத்தைத் தேடி உட்காரும்; அந்த நிலையில் இறுக்குங்கள். ஸ்க்ரூவின் பிளந்த நுனியை விரித்துவிட மறக்க வேண்டாம். அது கழன்றால் போய் விழும் இடம் சிலிண்டர்.

பிற்கால எச்.எஸ்.4 சிலவற்றில் பட்டர்ஃபிளைத் தகட்டிலேயே ஸ்பிரிங் வைத்த ஒரு குட்டி வால்வு இருக்கும். புகைக் கட்டுப்பாட்டுக்காக வைத்தது. வேகமாகப் போகும்போது காலை எடுத்தால் கொஞ்சம் காற்றை விடும். ஐம்பது வருஷத்தில் அந்த ஸ்பிரிங் தளர்ந்து, ஐட்லிங்கிலேயே திறந்துகொண்டு காற்று விடும். வேகம் கூடும், ஆனால் சீராகவே ஓடும், ஆளை ஏமாற்றிவிடும். ஈயப்பற்று வைத்து அடைக்கலாம். வால்வில்லாத சாதாத் தகடு மாற்றுவது என் யோசனை, விலையும் கொஞ்சம்தான்.

தாறுமாறான அதிவேகத்துக்கு வருவோம். பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாய் இருந்தால் அதை இடுக்கியால் நெரித்துப் பாருங்கள். ஓட்டம் மாறினால் பூஸ்டர் அல்லது அதன் குழாய். பிறகு எஞ்சினின் உள்புகையை வெளியே இழுக்கும் பிரீதர். 1960களின் நடுவில் வந்த எம்.ஜி.பி.யில் மேனிஃபோல்டின் (கலவை எஞ்சினுக்குள் போகும் குழாய்) மேல் டயாஃப்ரம் வைத்த ஒரு வட்ட வால்வு இருக்கும். ஐட்லிங்கில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் வேகம் ஏறத்தாழ 200 கூட வேண்டும். கூடவில்லையென்றால் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். பின்னால் வந்தவற்றில் பிரீதர் குழாய் நேராகக் கார்புரேட்டர் உடம்பிலுள்ள மூக்கில் மாட்டும். பிரித்த வேகத்தில் அந்த மூக்கை மூடாமல் விடுவதும், வேக்குவம் அட்வான்ஸ் குழாயை மாட்ட மறப்பதும் வெகு சாதாரணம். எண்ணெய் மூடியும் சரியான ரகமாக இருக்க வேண்டும். சந்தையில் அழகாகக் கிடைக்கும் ஏதோ ஒன்றை மாட்டினால் அதுவும் ஏர் லீக்தான்.

கடைசியாக பேக்கிங். மேனிஃபோல்டு, பேக்கிங், கறுப்பு இன்சுலேட்டர் கட்டை, பேக்கிங், வெப்பத் தகடு, பேக்கிங், கார்புரேட்டர். இந்த வரிசையில் ஒரு பேக்கிங் குறைந்தாலும் சந்துதான். கட்டையின் முகம் வளைந்திருந்தால் கண்ணாடி மேல் உப்புத்தாள் வைத்துத் தேய்த்துச் சமப்படுத்தலாம்.

லீக்கைத் தேட கார்புரேட்டர் கிளீனரை ஸ்ப்ரே அடிக்கச் சொல்வார்கள். இந்த எஞ்சினில் அதைச் செய்யாதீர்கள். இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம். கார்புரேட்டருக்கு நேர் கீழே கொதிக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. கெட்டியான சோப்பு நீரைப் பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு இணைப்பாகத் தடவுங்கள். சந்து இருக்கும் இடத்தில் நீர் உள்ளே இழுபடும், அந்த நொடி எஞ்சின் ஓட்டம் மாறும். ஸ்பிண்டில் முனைகளிலும் தடவிப் பாருங்கள். புது ஸ்பிண்டிலைத் தேய்ந்த உடம்பில் போட்டால் லீக் அப்படியே இருக்கும். உடம்புக்குப் புஷ் போட வேண்டும். அது லேத் இருப்பவர் வேலை.

காலை எடுத்தால் நின்றுவிடுகிறது

பிஸ்டனைப் பாருங்கள். டோமின் உச்சியில் எண்ணெயில் நிற்கும் டேம்பர் தண்டைக் கழற்றிவிட்டு, விரலால் பிஸ்டனை மேலே தூக்கி விடுங்கள். தடையில்லாமல் விழுந்து, மேட்டில் முட்டி "டக்" என்று உலோகச் சத்தம் கேட்க வேண்டும். இரண்டிலும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். சத்தம் வராமல் மெதுவாக உட்கார்ந்தால், ஜெட்டை இறக்கிவிட்டு மறுபடி செய்யுங்கள். ஜெட் கீழே இருக்கும்போது டக், மேலே இருக்கும்போது மௌனம் என்றால் ஊசி ஜெட்டின் நடுவில் இல்லை, பக்கத்தில் உரசுகிறது.

நடுப்படுத்தும் முறை பொறுமை கேட்கும், கஷ்டமில்லை. ஜெட் கம்பியைக் கழற்றி, மிக்சர் நட்டையும் அதன் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு, நட்டை மட்டும் திரும்பப் போட்டு மேலே வரை ஏற்றுங்கள். ஜெட்டைத் தாங்கும் பெரிய பூட்டு நட்டைத் தளர்த்துங்கள். மேலேயிருந்து பேனா முனையால் பிஸ்டனைக் கீழே அழுத்திப் பிடித்தபடி பூட்டு நட்டை இறுக்குங்கள். ஜெட் தானே ஊசிக்கு ஏற்ப நகர்ந்து உட்காரும். டக் கேட்டால் முடிந்தது, கேட்காவிட்டால் மறுபடியும். நான் ஒரு கார்புரேட்டருக்கு ஏழு தரம் செய்திருக்கிறேன். ஸ்பிரிங் வைத்துச் சாய்ந்து நிற்கும் பிற்கால ஊசி என்றால் இந்த வேலையே இல்லை. அது ஜெட்டை உரசிக்கொண்டுதான் இருக்கும், அப்படித்தான் வடிவமைப்பு.

ஊசியின் உயரமும் ஒரு பொறி. ஊசியின் தோள் பிஸ்டனின் அடிமட்டத்தோடு சமமாக இருக்க வேண்டும். ஒரு கார்புரேட்டரில் சமமாகவும் இன்னொன்றில் அரை மில்லிமீட்டர் கீழேயும் இருந்தால், கீழே இருப்பது பெட்ரோல் பட்டினியில் கிடக்கும். இரண்டு நட்டையும் ஒரே அளவு திருப்பிப் பிரயோஜனமில்லை.

இரண்டு டோமையும் ஒரே தட்டில் போட்டுக் கழுவினீர்களா? ஒவ்வொரு டோமுக்கும் அதன் பிஸ்டன் ஜோடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. மாற்றிப் போட்டால் ஒன்று இறுகும், இன்னொன்றில் காற்று கசியும். சோதிக்க ஒரு வழி உண்டு. பிஸ்டனின் அடித்துளைகளைக் களிமண் மாதிரி எதையாவது வைத்து அடைத்து, டேம்பரை எண்ணெயில்லாமல் மாட்டி, தலைகீழாகப் பிடித்து, பிஸ்டனை முழுக்க உள்ளே தள்ளிவிட்டு டோமைக் கீழே விழவிடுங்கள். எச்.எஸ்.4-க்கு 5 முதல் 7 நொடியில் இறங்க வேண்டும். ஒன்று 2 நொடியிலும் இன்னொன்று 10 நொடியிலும் இறங்கினால் ஜோடியை மாற்றிப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகும்.

இதெல்லாம் சரி, அப்படியும் நிற்கிறதா? ஃப்ளோட் (பெட்ரோல் அறையில் மிதந்து வால்வை மூடும் மிதவை) மட்டம். அறையின் மூடியைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தால், நைலான் ஃப்ளோட்டுக்கும் மூடியின் விளிம்புக்கும் நடுவே 1/8 முதல் 3/16 அங்குலம் இருக்க வேண்டும். புதுக் கிட்டில் வரும் வால்வு பழையதைவிட நீளமாகவோ குட்டையாகவோ இருக்கும் என்பதால், பழைய அளவு சரியாக இருந்தது என்ற நம்பிக்கை வேண்டாம்.

இரண்டு சிலிண்டர் மட்டும் வேலை செய்கிறது

பி-சீரிஸ் தலையில் இன்லெட் வாசல் இரண்டுதான். முன்னது 1, 2 சிலிண்டருக்கு. பின்னது 3, 4-க்கு. அதனால் பிளக்குகள் கோள் சொல்லும். 1, 2 கரியாகவும் 3, 4 வெளுப்பாகவும் இருந்தால் முன் கார்புரேட்டர் பெட்ரோலைக் கொட்டுகிறது, பின்னது கொடுக்க மறுக்கிறது. ஒரே ஒரு பிளக் மட்டும் வேறாக இருந்தால் கார்புரேட்டரை விட்டுவிடுங்கள். வயர், பிளக், வால்வு எதுவோ.

எந்தக் கார்புரேட்டர் சோம்பேறி என்று பார்க்க: ஐட்லிங்கில் முன் பிஸ்டனைக் கால் அங்குலம் தூக்கிப் பிடியுங்கள். அந்தக் கார்புரேட்டர் அந்த நொடிக்கு வேலைநிறுத்தம். எஞ்சின் தடுமாறினாலும் பின்னதை வைத்து ஓட வேண்டும். பிறகு பின்னதைத் தூக்குங்கள். எதைத் தூக்கியபோது எஞ்சின் எதுவும் நடக்காதது போல ஓடுகிறதோ, அதுதான் ஏற்கெனவே வேலை செய்யாத ஆள்.

பெட்ரோல் வழிகிறது, கரும்புகை, ஐந்து நிமிடத்தில் நிற்கிறது

எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, எலக்ட்ரிக் பம்பின் சத்தத்தைக் கேளுங்கள். டக்டக்கென்று ஆரம்பித்து, அறைகள் நிரம்பியதும் நிற்க வேண்டும். நிற்காமல் டிக், டிக் என்று எண்ணிக்கொண்டே இருந்தால் பெட்ரோல் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது, இல்லையென்றால் பம்ப் காற்று இழுக்கிறது. எக்ஸாஸ்ட் கீழே இருப்பதை மறக்காமல் சாவியை உடனே ஆஃப் செய்யுங்கள். வழியும் பெட்ரோலை வெளியே விடும் குழாய்கள் இரண்டும் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஃப்ளோட் வால்வில் ஒரு துரும்பு மாட்டியிருக்கும். கார்புரேட்டரைச் சுத்தம் செய்தவர் டேங்கையும் குழாயையும் சுத்தம் செய்திருக்க மாட்டார். பழைய ரப்பர் குழாயின் உட்தோல் உரிந்து வரும். பிரிட்டனில் 2021 செப்டம்பரில் சாதாரணப் பெட்ரோல் ஈ10 (10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது) ஆனது முதல் இது கூடியிருக்கிறது; எத்தனால் பழைய ரப்பரைத் தின்கிறது. எத்தனால் தாங்கும் குழாயும், விட்டான் (பெட்ரோல் தாங்கும் செயற்கை ரப்பர்) நுனி வைத்த வால்வும் போடுங்கள். ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே தளும்பினால் குப்பைக்கு.

ஜெட்டுக்குக் கீழிருந்து ஒழுகினால் அது வேறு. ஜெட்டின் நைலான் வால் ஃப்ளோட் அறைக்குள் நுழையும் இடத்தில் உள்ள ரப்பர் சரியாக உட்காரவில்லை. ரப்பரைத் தாண்டி நைலான் குழாய் குறைந்தது 3/16 அங்குலம் நீண்டிருக்க வேண்டும். பலர் நட்டை மேலும் இறுக்குவார்கள். குழாய் நெரிந்து, ஒழுகலோடு பெட்ரோலும் குறையும்.

காலையில் நன்றாக, சூடானதும் மோசம்

சோக்கை இழுத்து வண்டியை எடுத்து, பிறகு உள்ளே தள்ளினீர்கள். இழுத்தபோது கீழே இறங்கிய இரண்டு ஜெட்டும் மேலே திரும்பினவா? கீழே கைவிட்டு ஒவ்வொரு ஜெட்டையும் விரலால் மேலே தள்ளுங்கள். ஒன்று அசைந்து "கிளிக்" என்று மேலேறி, எஞ்சினும் தெளிந்தால் குற்றவாளி அகப்பட்டாயிற்று. புது ஜெட் புதுத் தாங்கியில் கொஞ்ச நாள் இறுக்கமாகத்தான் இருக்கும். ஸ்பிரிங் மாட்டியிருக்கிறதா, சோக் கம்பி வளைந்து இழுக்கிறதா என்று பாருங்கள்.

ஓடும்போது சரி, சிக்னலில் பத்து நிமிடம் நின்றால் மட்டும் தகராறு என்றால் அது வெப்பம். வெப்பத் தகட்டின் எஞ்சின் பக்கம் ஒட்டியிருந்த பஞ்சு அட்டை உதிர்ந்திருக்கும்; "அழுக்கு" என்று நீங்களே சுரண்டியிருக்கவும் கூடும். புதிது ஒட்டுங்கள்.

வேகம் இறங்க யோசிக்கிறது

பெடலைத் தட்டிவிட்டால் உடனே இறங்காமல் 1500-இல் ஊஞ்சலாடி, பிறகு வருகிறது. ரிட்டர்ன் ஸ்பிரிங், ஒட்டும் ஸ்பிண்டில், பெட்ரோல் குறைவான மிக்சர், இந்த வரிசையில் பாருங்கள். மூன்றும் சரியென்றால் டிஸ்ட்ரிபியூட்டர். உள்ளே இருக்கும் எடைகளின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஐட்லிங்கிலேயே டைமிங் முன்னேறி நிற்கும். கார்புரேட்டர் வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் பழி அதன் மேல் விழும்.

இப்போது மிக்சர் நட்டு

கிளாம்ப்கள் தளர்ந்தே இருக்கட்டும். ஒரு மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு தொண்டையிலும் ஒரே இடத்தில் பிடித்து இரைச்சலைக் கேளுங்கள். இரண்டிலும் ஒரே இரைச்சல் வரும்வரை ஐட்லிங் ஸ்க்ரூக்களைத் திருப்புங்கள். காற்றளவு பார்க்கும் மீட்டர் இருந்தால் நல்லது, காதும் போதும்.

பிறகு சைலன்சரைக் கேளுங்கள். சீரான தாளத்தில் விட்டுவிட்டு அடித்து, புகை கறுத்தால் பெட்ரோல் அதிகம். தாளமில்லாமல் சிதறி, புகை நிறமில்லாமல் இருந்தால் குறைவு. இரண்டு நட்டையும் ஒரே அளவில், ஒரு தரம் ஒரே ஒரு பட்டை மட்டும் நகர்த்துங்கள். மேலே ஏற்றினால் பெட்ரோல் குறையும், கீழே இறக்கினால் கூடும். எஞ்சின் எங்கே அதிவேகமாகச் சீராக ஓடுகிறதோ, அங்கே நிறுத்துங்கள்.

ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்க, உடம்பின் பக்கத்தில் இருக்கும் தூக்கு முளையால் பிஸ்டனை 1/32 அங்குலம் மட்டும் தூக்குங்கள். வேகம் கூடி, கூடியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே சரிந்தால் குறைவு. ஒரு நொடி லேசாகக் கூடிப் பழைய இடத்துக்கு வந்தால் சரி. ஒன்றில் திருத்தியதும் மற்றதையும் மறுபடி பார்க்க வேண்டும்; இரண்டுக்கும் நடுவே ஒரு பேலன்ஸ் குழாய் இருப்பதால் ஒன்றின் குறை மற்றதில் தெரியும்.

ஐட்லிங் எவ்வளவு? ஆரம்பகால எஞ்சினுக்குப் புத்தகம் 500 என்கிறது. அது புது எஞ்சினுக்கும் அந்தக் காலத்துப் பெட்ரோலுக்கும். நான் 800-இல் வைத்திருக்கிறேன், வருத்தமில்லை. கிளாம்ப்களை இறுக்கி, டேம்பரில் எஸ்.ஏ.இ. 20 எண்ணெய் ஊற்றுங்கள். மூடியை மாட்டும்போது மரைக்கு இன்னும் கால் அங்குலம் இருக்கையிலேயே கைக்கு எதிர்ப்பு தட்டினால் எண்ணெய் போதும். எண்ணெய் இல்லாவிட்டால் ஐட்லிங் கெடாது; பெடலை மிதித்த நொடியில் எஞ்சின் விக்கும்.

ஏர் ஃபில்டரை மாட்டும்போது கடைசிப் பொறி ஒன்று காத்திருக்கிறது. கார்புரேட்டர் வாயின் விளிம்பில் சின்னத் துளைகள் இருக்கும். பிஸ்டனுக்கு அடியில் வெளிக்காற்று போவது அவற்றின் வழியாகத்தான். ஃபில்டர் பேக்கிங்கைத் தலைகீழாக மாட்டினால் அந்தத் துளைகள் அடைபடும். ஃபில்டர் இல்லாமல் அருமையாக ஓடிய வண்டி, ஃபில்டர் மாட்டியதும் பிஸ்டன் ஏறாமல் முக்கும். மாட்டுமுன் பேக்கிங்கைத் துளைகளோடு பொருத்திப் பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, எஞ்சின் ஆறியதும், மேனிஃபோல்டு நட்டுகளை ஒருமுறை இறுக்கிவிடுங்கள். புது பேக்கிங் சூட்டில் அமுங்கியிருக்கும்.